இருவர் உட்கார ஓர் இடம்

ராஜபாளையத்தில் பொழுது சாய்ந்ததும் ஆண்களுக்கு ஊர் திறந்துகொள்கிறது. பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி டீக்கடைகள், தென்காசி சாலையில் பரோட்டாக் கல்லுக்கு எதிரே பெஞ்சுகள், சலூன், பெட்டிக்கடை ஓரம், அரசு மதுக்கடை, அதை ஒட்டித் தகரம் வேய்ந்த பார். ஓர் ஆண் இரண்டு மணி நேரத்தை யாருக்கும் காரணம் சொல்லாமல் இங்கே கழித்துவிட்டு வீடு திரும்பலாம். பெண்ணுக்கும் மாலையில் போக இடம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் வேண்டும்: கோயில் என்றால் நெய்விளக்கு, கடைத்தெரு என்றால் சாமான், ஆஸ்பத்திரி என்றால் யாருக்காவது காய்ச்சல். கணவனும் மனைவியும் எந்தக் காரியமும் இல்லாமல் சேர்ந்து போய், கொஞ்சம் சாப்பிட்டு, நிறையப் பேசி, மனம் நிறைந்து எழுந்து வர ஓர் இடம் எங்கே என்று கேட்டால், 2011 கணக்கெடுப்பிலேயே 1,30,000 பேர் இருந்த இந்த ஊரில் கைகாட்ட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதைச் சின்னக் குறை என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஓர் ஊர் தன் மக்களுக்கு எங்கெல்லாம் இருக்கை போடுகிறதோ, அங்கெல்லாம் அவர்களை மதிக்கிறது. கல்யாண மண்டபத்தில் தம்பதிக்குச் சிம்மாசனம் போடுகிறோம். அந்த ஒரு நாள் கழிந்த பிறகு அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நாம் எங்கே இடம் வைத்திருக்கிறோம்?

எங்கள் ஊரின் நேரத்தை வகுத்தது மில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு நூற்பாலைகள் பெருகின. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்டுகள் ஊரின் நாளை மூன்றாக வெட்டின. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் விசைத்தறிகளில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி ஓடுகிறது. நாட்டின் எத்தனையோ காயங்களைச் சுற்றியிருக்கும் அந்த வெள்ளைத் துணியை நெய்பவர்களிலும் மடிப்பவர்களிலும் கட்டுகளை எண்ணி அடுக்குபவர்களிலும் பெண்கள் ஏராளம். கணவன் இரண்டு மணி ஷிப்டுக்குப் புறப்படும்போது மனைவி ஆறு மணி ஷிப்டு முடிந்து வருவாள். வாசலில் சாவி கைமாறும். குழந்தைக்குச் சோறு ஊட்டியாயிற்றா, தண்ணீர் வந்ததா, சீட்டுப் பணம் கட்டியாயிற்றா என்ற மூன்று கேள்விகளில் ஒரு நாளின் தாம்பத்தியம் முடிந்துவிடும். நான் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதியவள். என் கணவர் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். அந்த வாசலை நான் நன்றாக அறிவேன்.

வீடு இருக்கிறதே, அங்கே உட்கார்ந்து பேசக் கூடாதா என்று கேட்கலாம். வீட்டில் மாமியார் இருக்கிறார், படிக்கிற பிள்ளை இருக்கிறது, டிவி ஓடுகிறது, கேஸ் அடுப்பில் பால் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண் உட்கார்ந்திருப்பதில்லை. அவளுடைய பாதி உடம்பு எழுந்திருக்கத் தயாராகவே இருக்கும். கணவன் ஒரு வார்த்தையை மனசுக்குள் திரட்டிச் சொல்ல வரும்போது குக்கர் விசில் அடிக்கும். அவள் எழுந்து போய்விடுவாள். திரும்பி வரும்போது அந்த வார்த்தை போயிருக்கும்.

ஆகவே எங்கள் ஊர்த் தம்பதிகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வர, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும் அந்த இருபது நிமிடங்கள்தான் பலருக்கு வாரத்தில் கிடைக்கும் ஏகாந்தம். அதிலும் பேச முடியாது. காற்று வாங்கிக்கொண்டு போய்விடும்.

அங்கே உள்ள ஆண்டாள் கோயிலைப் போலத் தம்பதிக்கு மரியாதை செய்த இடம் எனக்கு வேறு தெரியாது. பதினொரு நிலைக் கோபுரம் வடபத்ரசாயியுடையது. ஊர் உயிர்ப்பது ஆண்டாள் சன்னதியில். கருவறைக்குள் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் சேர்ந்து நிற்கிறார்கள். பெரும்பாலான கோயில்களில் எதிரே நின்று கைகூப்பும் கருடன் இங்கே அவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார். தாயாருக்குத் தனிச் சன்னதி, பெருமாளுக்குத் தனிச் சன்னதி என்ற தூரம் இங்கே இல்லை. ஒவ்வொரு நாளும் மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் மூக்கும் செய்து ஒரு கிளியை அவள் கையில் வைக்கிறார்கள். காதலைச் சொல்லித் தூது அனுப்பியவளுக்கு ஒவ்வொரு நாளும் புதிய தூது தரும் ஊர் இது.

ஆடிப்பூரத் திருவிழாவின் ஏழாம் நாள் கிருஷ்ணன் கோயிலில் சயன சேவை நடக்கும். ஆண்டாளின் மடியில் தலை வைத்து ரெங்கமன்னார் சயனித்திருக்கும் கோலம். பகல் முழுதும் உலாப் போன களைப்போடு ஓர் ஆண் தன் மனைவியின் மடியில் தலை சாய்த்திருப்பதைப் பார்க்க ஊரே முண்டியடித்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் தம்பதி தம்பதியாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நசநசவென்ற வியர்வையில், தொலைந்துவிடாமல் இருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஊர்நடுவில் கணவனும் மனைவியும் கைபிடித்து நிற்பதை யாரும் ஏறிட்டுப் பார்க்காத இரவு அது ஒன்றுதான். தெய்வத்துக்குச் சம்மதித்த நெருக்கத்தை மனிதருக்கும் கொஞ்சம் சம்மதித்தால் என்ன என்று அப்போதெல்லாம் தோன்றும்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தால் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு அது. பாலும் சர்க்கரையும் விறகு நெருப்பும் விடாத கிளறலும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சுடச்சுடக் கொஞ்சம் வாங்கி, கடை வாசலில் நின்றபடியே தின்றுவிட்டு, வீட்டுக்குக் கால் கிலோ கட்டச் சொல்வோம். அதன் பிறகு ஓட்டல். அங்கேதான் மாலை உடைந்துபோகும்.

ஓட்டலில் பெண்ணோடு நுழைந்தவுடன், "ஃபேமிலியா? உள்ள போங்க" என்பார்கள். உள்ளே என்பது பெரும்பாலும் தெருவைப் பார்க்காத ஓர் அறை. குளிர்சாதனம் இருக்கும், கண்ணாடிக் கதவு இருக்கும், ஜன்னல் இருக்காது. பெண்களை மரியாதையாக வைப்பதற்கென்று செய்த ஏற்பாடு அது. செய்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் முன்புறம் ஆண்களுக்கும் பின்னறை குடும்பத்துக்கும் என்று பிரித்த பிறகு, தெரு பார்க்கும் மேசை பெண்ணுக்குக் கிடைப்பதே இல்லை. ஆர்டர் எடுக்கும் தம்பி பரோட்டா, சுக்கா, ஆம்லெட் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு நிற்பான். தட்டு வந்து, தட்டு காலியாகி, பில் வந்துவிடும். அதற்குள் அடுத்த குடும்பம் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"ஏங்க, கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போலாமே."

"ஆளு நிக்கிறாங்க, எந்திரி."

அவரைக் குறை சொல்ல முடியாது. பசியோடு ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது நம் ஊர்க்காரர்களுக்குக் கூச்சம். நம் ஓட்டல்கள் பசியாற்றுவதற்காகப் பிறந்தவை. சந்தைக்கு வந்தவர், லாரி ஓட்டி வந்தவர், ஷிப்டு முடிந்தவர் என்று அவசரப் பசிக்காரர்களுக்குச் சூடாகவும் வயிறு நிறையவும் போட்டு அனுப்பியவை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மொறுமொறுப்பும் சால்னாவின் காரமும் அந்த உழைப்பாளிப் பசிக்கு வணக்கம் சொல்பவை. அவற்றை நான் நேசிக்கிறேன். பசியாறிய பிறகும் ஒரு மாலை மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

*

குடிக்கும் இடங்களைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் ஆணின் மாலைக்கு அரசாங்கமே இடம் அமைத்துத் தந்திருக்கிறது. மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் தொடங்கி 1948-இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. அடுத்த ஆண்டு முதலமைச்சரானவர் எங்கள் ஊரின் பூ.ச. குமாரசாமி ராஜா; 1952 வரை அவர் காலம் முழுதும் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. 1971-இல் அது தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் அரசின் மது வணிக நிறுவனமாக டாஸ்மாக் அமைந்தது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. அன்றிலிருந்து குடிப்பது என்றால் ஆண்கள் மட்டும் நிற்கும் ஒரு கவுன்டர், ஒரு தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் டம்ளர், அவசரம் என்றே ஒரு தலைமுறையே பழகிவிட்டது.

அந்தக் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு என்ன வந்தது என்பதைப் பெண்கள் அறிவார்கள். 2015-இல் மதுக்கடையை மூடக் கோரிப் போராடும்போதே சசிபெருமாள் உயிர்விட்டார். அடுத்த ஆண்டு 500 கடைகள் மூடப்பட்டன, கடை திறக்கும் நேரம் பகல் 12 மணிக்குத் தள்ளிப்போனது. இந்த வரலாறு தெரிந்த யாரும் ஊருக்கு இன்னொரு மதுக்கடை கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கொட்டகையின் கேடு பாட்டிலோடு முடிந்துவிடவில்லை. மாலைப்பொழுது என்பதே ஆண்களுக்கு உரியது, அதில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று அது ஊருக்குப் பாடம் எடுத்தது. இளைப்பாறுதலையும் மனைவியையும் இரண்டு வெவ்வேறு திசைகளில் வைத்தது. அவர் இளைப்பாறப் போக வேண்டுமென்றால் அவளை விட்டுத்தான் போக வேண்டும் என்று ஆக்கியது.

வேறு மாதிரியும் நடக்கும் என்று நினைக்கத் துணிவு தந்தது ஜப்பானியரின் இஸகாயா. தெருமுனையில், ஓர் அறை அகலத்தில், வாசலில் சிவப்புக் காகித விளக்கும் குட்டைத் துணித் திரையும் தொங்க, எட்டோ பத்தோ பேர் மட்டும் உட்காரும் சிற்றுணவகம். கல்லா, அடுப்பு, பரிமாறும் மேடை எல்லாம் ஒன்றே. மேடைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் சமைக்கிறார், இந்தப் பக்கம் வாடிக்கையாளர் உட்காருகிறார். உட்கார்ந்தவுடன் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது வரும். பிறகு ஒவ்வொன்றாக, சிறுசிறு தட்டுகளில்: கரியில் வாட்டிய கோழித் துண்டுகள், வேகவைத்த பச்சை சோயாக் காய், குளிர்ந்த தோஃபு, குழம்பில் ஊறிய முள்ளங்கி. ஒரு தட்டை இருவரும் பகிர்ந்து தின்கிறார்கள். குடிப்பவர் குடிக்கிறார், குடிக்காதவர் டீ வாங்கிக்கொள்கிறார். தோக்கியோவின் ஷிஞ்சுக்குவில் கோல்டன் காய் என்ற பகுதியில், தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்க வேண்டிய ஆறு சந்துகளில், இப்படிச் சிறிய கடைகள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன.

இந்த இஸகாயா பிறந்தபோது பெண்களுக்கானதாக இல்லை. இன்று தோக்கியோவாக இருக்கும் எடோ நகரம் ஆண்களால் நிறைந்திருந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து முறைவைத்துப் பணிக்கு வந்த சாமுராய்கள், கட்டட வேலைக்கு வந்த கூலிகள், வணிகரிடம் வேலைக்கு நின்ற இளைஞர்கள். அரிசி மதுவை அளந்து விற்ற கடைகள் நாளடைவில் வாங்கியவரை அங்கேயே உட்கார்ந்து குடிக்க விட்டன. தொட்டுக்கொள்ள ஏதோ கொடுத்தன. 1596-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் தொஷிமயா என்ற கடை, மிசோ தடவிச் சுட்ட தோஃபுவைக் குச்சியில் குத்திக் கொடுத்துக் கூட்டம் சேர்த்தது என்பது அந்த ஊர்ச் செய்தி. நூற்றாண்டுக் கணக்கில் அது ஆண்களின் உலகமாகவே தொடர்ந்தது. 1970-களிலும் 80-களிலும் மாணவர்களையும் வேலைக்குப் போகும் பெண்களையும் வரவேற்ற கிளைக் கடைகள் பெருகின. பெண்கள் உள்ளே வந்தார்கள். மேடை துலங்கிற்று, தட்டுகள் கூடின. இன்று கணவன் மனைவியாக ஒரு சிறு இஸகாயாவில் உட்கார்ந்திருப்பதை அங்கே யாரும் ஒரு செய்தியாக நினைப்பதில்லை.

ஆகவே ஆண்களுக்கென்று தொடங்கிய இடம் ஆண்களுக்கென்றே முடிய வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கமே பாருங்கள். ஆரியங்காவு தாண்டினால் கேரளம். ஒரு காலத்தில் பெண்கள் எட்டிப் பார்க்காத கள்ளுஷாப்புகளில் சில இன்று கப்பைக்கும் மீன்கறிக்கும் குடும்பத்தோடு போகும் இடங்களாகிவிட்டன.

ஜப்பானிடம் கற்பது நம் மாவட்டத்துக்குக் கூச்சமான காரியமும் இல்லை. ஒரு காலத்தில் தீப்பெட்டி ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும்தான் இந்தியாவுக்கு வந்தது. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் தீப்பெட்டி என்றால் சிவகாசி என்றானது. வெளியிலிருந்து வந்த ஒன்றை நம் வெயிலுக்கும் நம் கைக்கும் ஏற்பச் செய்து நமதாக்கிக்கொள்வது இந்தக் கரிசல் மண்ணுக்குப் பழக்கமான வேலை.

*

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்தபோது அவற்றோடு பொறியாளர்களும் அவர்கள் குடும்பங்களும் வந்தார்கள். நிஸான் கார் ஆலை 2010-இல் ஒரகடத்தில் ஓடத் தொடங்கியது. அவர்களுக்காகச் சென்னையில் ஜப்பானிய உணவகங்கள் கூடின; பிறகு நம் பிள்ளைகளும் போகத் தொடங்கினார்கள். எங்கள் மகளுக்கு அந்தப் பக்கம் வேலை. பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு மாலை அவள் எங்கள் இருவரையும் மட்டும் அப்படி ஒரு சிறு கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "எட்டரைக்கு வர்றேன். ரெண்டு பேரும் பேசிட்டு இருங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

குடியிருப்புத் தெரு ஒன்றில், தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இருந்தது அது. காகித விளக்கு, துணித் திரை, மேடையை ஒட்டி உயரமான முக்காலிகள். மது இல்லை. தமிழ்நாட்டில் மது உரிமம் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். ஒரு சந்தில் இருக்கும் சிற்றுணவகத்துக்குக் கிடையாது. வறுத்த பார்லியில் போட்ட டீயைக் குளிர்ச்சியாக இரண்டு கிளாஸ் வைத்தார்கள். வடகிழக்கிலிருந்து வந்த ஓர் இளைஞர் மேடைக்கு அந்தப் பக்கம் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். அவர் எங்களை உள்ளறைக்குப் போகச் சொல்லவில்லை. உள்ளறை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

முதலில் எங்களுக்குக் கை கால் எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. என் கணவர் குச்சியில் வந்த கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரம் இல்லை, ஆனால் கரியின் மணம் ஏறியிருந்தது. "நம்ம அய்யனார் கோயில்ல கெடா வெட்டுறப்ப, முதல்ல ஈரலச் சுட்டுக் குடுப்பாங்கல்ல, அந்த வாசம்" என்றார். சோயாக் காயை உரிக்கத் தெரியாமல் இருவரும் தோலோடு கடித்தோம். அந்த இளைஞர் தான் ஒன்றை எடுத்து, அழுத்தி, விதையைத் துள்ளவைத்துக் காட்டினார். மொச்சைக்காய் உரிப்பதுபோலத்தான் என்று பிடிபட்டது. ஒரு தட்டு காலியானது. பில் வரவில்லை. இன்னொரு தட்டு வேண்டுமா என்றும் யாரும் கேட்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அடுப்புச் சத்தமும் தெருச் சத்தமும் தவிர வேறு ஓசை இல்லை.

நான் ஏதோ சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுபடி சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ இந்தப் பக்கம் வந்து ஒக்காரு. அந்தக் காது இப்ப அவ்வளவா கேக்குறதில்ல."

"எப்ப இருந்துங்க?"

"அது ஆச்சு நாலஞ்சு வருசம். ஒரு பக்கம் மட்டுந்தான்."

நான் எழுந்து போய் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

நூற்பாலையில் ரிங் ஃபிரேம்கள் ஓடும் கூடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சு என்பதே உதட்டு அசைவுதான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை என்று தொழிற்சாலை விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பைத் தொட்டும் தாண்டியும் ஓடும் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மெல்லப் போகும். முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். பெண் குரலிலும் குழந்தை மழலையிலும் சொல்லைத் தெளிவாக்குபவை அவை. வலி கிடையாது, ஒரு நாளில் தெரியவும் தெரியாது. டிவி சத்தம் கூடும், பதில்கள் குறையும். வீட்டில் இருப்பவர்கள் அதை அலட்சியம் என்று படிப்பார்கள். அவருக்கோ அது ஃபிட்டர் வேலைக்கு உதவாத ஆள் என்று தன்னைச் சொல்லிவிடுமோ என்ற பயம். வீட்டில் சொல்ல ஓர் இடைவெளி கிடைக்கவில்லை. சாவி கைமாறும் வாசலில் சொல்லும் விஷயமாகவும் அது இல்லை. அன்று அந்த மேடை முன்னால், பிறகு செய்ய எந்த வேலையும் இல்லாத ஒரு மணி நேரத்தில், அது தானாக வெளியே வந்தது. அதற்குப் பின்னால் மற்றவையும் வந்தன: பையனாக மில்லில் சேர்ந்த முதல் வாரத்தின் தலைவலி, அவருடைய அப்பாவின் கடன், நான் வேலையை விட வேண்டாம் என்று அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது. நானும் சொன்னேன். சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்தக் கடை எங்களுக்கு ஞானம் எதுவும் தந்துவிடவில்லை. அது தந்தது மூன்று சாதாரணப் பொருள்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருக்கை; எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணைபோல ஆகிவிடும் பேச்சு, இருவரும் ஒரே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இளகிவிடுகிறது. சிறு தட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் சாப்பாடு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பே வருவதில்லை. மூன்றாவது, எழுந்திரு என்று சொல்லாத ஒரு மனிதர். இம்மூன்றையும் தருவதற்கு ஜப்பானும் வேண்டாம், மதுவும் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம்.

*

தடைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. முதல் தடை நாக்கு. கணவனோடு தெரு பார்க்கும் மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி, "வீட்ல சோறாக்க மாட்டாளோ" என்று இரண்டு தெரு பேசும். இரண்டாவது இதைவிடக் கடுமை. சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இருவரைப் பார்த்ததும் யார் வீட்டுப் பையன், யார் வீட்டுப் பெண், என்ன சாதி என்று விசாரிக்கிற பழக்கம் தென்மாவட்டங்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு வேர்விட்டிருக்கிறது. தாலி தெரியும்படி உட்கார்ந்தால்தான் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்றால் அந்த ஊரில் தாலி கட்டியவளுக்கும் பாதுகாப்பு இல்லை என்றுதான் பொருள். தம்பதிக்கு இடம் கேட்பவர்கள், கல்யாணம் ஆகாத இருவருக்கும், இரண்டு தோழிகளுக்கும், தனியாக வரும் ஒரு பெண்ணுக்கும் அதே முக்காலியைக் கேட்க வேண்டும். மூன்றாவது பணம். பட்டணத்துக் கடைகளின் விலையில் எங்கள் ஊர் மில் தொழிலாளி உட்கார முடியாது. இரண்டு பேர் ஒரு மாலையைப் பரோட்டாக் கடைச் செலவுக்குள் கழிக்க முடிகிற இடமாக இருந்தால்தான் அது எங்கள் ஊருக்கு இடம்.

இந்தத் தடைகள் தாமே நகராது என்பதும் உண்மை, நகர்ந்திருக்கின்றன என்பதும் உண்மை. ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார உரிமை வேண்டும் என்று முதலில் குரல் எழுந்தபோது எத்தனை பேர் அதைப் பெரிய விஷயமாக நினைத்தார்கள்? கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை செய்பவருக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதியது. உழைக்கும் நேரத்தில் பெண் உட்காரலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. உழைப்பு முடிந்த நேரத்தில் அவள் எங்கே உட்காருவாள் என்பதைச் சட்டத்தால் எழுத முடியாது. ஊர்தான் எழுத வேண்டும்.

எழுதக்கூடிய ஊர்தான் இது. குமாரசாமி ராஜா தான் வாழ்ந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். முதலமைச்சராக இருந்த ஒருவரின் வீடு, பொதுமக்கள் உட்கார்ந்து பாட்டும் பேச்சும் கேட்கும் மன்றமானது. தன் கூரையைப் பொதுவாக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இருந்திருக்கிறது. அவ்வளவு பெரிய மனதும் வேண்டாம், அவ்வளவு பெரிய வீடும் வேண்டாம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவைப் பார்த்த முன்னறை வைத்திருப்பவர்களுக்கு, ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் தம்பதிகளுக்கு, கேட்டரிங் படித்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலை தேடிப் போக நிற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். எட்டு முக்காலி போடுங்கள். ஒரு கரி அடுப்பு வையுங்கள். கோழி ஈரலோ, வாட்டிய மக்காச்சோளமோ, சுண்டலோ, கருப்பட்டிக் காபியோ, உங்களுக்குக் கைவந்ததைச் சிறு தட்டில் கொடுங்கள். உள்ளறை கட்டாதீர்கள். பெண்ணோடு வந்தவரைத் தெரு தெரியும் இடத்தில் உட்காரவையுங்கள். தட்டு காலியான பிறகும் அவர்கள் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். கடை பெரிதாக ஓடாது போகலாம். ஆனால் சில வீடுகள் நன்றாக ஓடும்.

கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் ஓட்டலுக்குப் போனால், உள்ளறை வேண்டாம், முன்மேசை கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுப்பார்கள். கேட்பவர் இல்லாததால்தான் இத்தனை நாள் கொடுக்காமல் இருந்தார்கள்.